சிஎம்எம்எல் ரிப்போர்ட்டைப் படிப்பது எப்படி, அசாசிட்டிடின் ஊசியை ஓட்டுவது எப்படி

முதலில் ஒரே ஒரு எழுத்து விஷயம். சிஎம்எல் (க்ரானிக் மைலாய்டு லுகேமியா) வேறு, சிஎம்எம்எல் (க்ரானிக் மைலோமோனோசைட்டிக் லுகேமியா) வேறு, இரண்டும் ரத்தப் புற்றுநோய்தான். பெரியப்பாவுக்கு 71 வயதில் ரிப்போர்ட் வந்தபோது வீட்டில் யாரோ ஒரு 'எம்'மை விழுங்கிவிட்டு வாட்ஸ்ஆப்பில் தட்டிவிட, ஒரு வாரம் முழுக்க நாங்கள் எல்லாரும் "இமாட்டினிப் மாத்திரைதானே, தினமும் ஒன்று போட்டால் தீர்ந்தது" என்று நிம்மதியாக இருந்தோம். அந்த மாத்திரை பிசிஆர்-ஏபிஎல் என்ற ஒட்டுப்போட்ட ஜீனை அடக்குவதற்கானது, சிஎம்எல் நோயாளிகளுக்கு அது வரப்பிரசாதம். சிஎம்எம்எல்லில் அந்த ஜீனே இருக்காது. இல்லை என்று உறுதி செய்துவிட்டுத்தான் இந்தப் பெயரையே வைப்பார்கள். அதனால் ரிப்போர்ட் கைக்கு வந்ததும் முதலில் தேட வேண்டிய வரி "பிசிஆர்-ஏபிஎல் நெகட்டிவ்". அந்த டெஸ்டே எடுக்கவில்லை என்றால் கேட்டு எடுக்க வையுங்கள்.

நான் டாக்டர் இல்லை. இரண்டு வருடம் ஃபைலைத் தூக்கிக்கொண்டு, ஊசி போட்டு அன்றே வீட்டுக்கு அனுப்பும் ஆஸ்பத்திரி டே கேர் வாசலில் உட்கார்ந்ததில் சேர்ந்தது இது. மருந்தை மாற்றுவதோ நிறுத்துவதோ உங்கள் ஹீமட்டாலஜிஸ்ட், அதாவது ரத்தநோய் டாக்டரின் வேலை. அவர் சொல்வதைப் புரிந்துகொள்வது நம் வேலை.

அடுத்துப் பார்க்க வேண்டியது மோனோசைட், வெள்ளை அணுக்களில் ஒரு வகை. சதவீதத்தை மட்டும் பார்த்தால் ஏமாந்துபோவீர்கள், எண்ணிக்கையையும் பாருங்கள். 2022-க்கு முன்னால் ஒரு மைக்ரோலிட்டரில் 1000-க்கு மேல் என்று இருந்த எல்லையை அந்த வருடம் 500-க்கு இறக்கினார்கள், மொத்த வெள்ளை அணுக்களில் 10 சதவீதமாவது மோனோசைட் இருக்க வேண்டும் என்பதும் கூடவே உண்டு. மொத்த வெள்ளை அணு 13,000-ஐத் தாண்டினால் பெருகும் வகை, அதற்குக் கீழே என்றால் மற்ற வகை. இந்த 13,000 என்ற எண்ணை நினைவில் வையுங்கள், சிகிச்சைப் பேச்சில் திரும்ப வரும். எலும்பு மஜ்ஜையில் பிளாஸ்ட் என்ற முதிராத செல்கள் 10 சதவீதத்தை எட்டினால் நோய் ஒரு படி மேலே போயிருக்கிறது, 20-ஐத் தொட்டால் அதன் பெயரே அக்யூட் லுகேமியா.

இதெல்லாம் ஓரளவு எல்லாருக்கும் புரிந்துவிடும். எங்களைத் திணறடித்தது என்ஜிஎஸ் என்ற ஜீன் டெஸ்ட் ரிப்போர்ட்தான், ஏழெட்டுப் பக்கம், ஜீன் பெயர்களும் சதவீதங்களுமாக. அதைப் படிக்க எபிஜெனெடிக் என்சைம் என்றால் என்ன என்று ஒரு பத்து நிமிடம் செலவழித்துத்தான் ஆக வேண்டும்.

உடம்பில் எல்லா செல்லிலும் ஒரே டிஎன்ஏதான். ரத்த செல்லை ரத்த செல்லாகவும் தோல் செல்லைத் தோல் செல்லாகவும் வைத்திருப்பது அந்த எழுத்துகளின் மேல் போடப்படும் அடையாளங்கள். அதில் முக்கியமான ஒன்று மெத்தில், எந்த ஜீன் வாசலில் அது நிறைய ஒட்டிக்கொள்கிறதோ அந்த ஜீன் பெரும்பாலும் வாய்மூடிக்கொள்ளும். ஒட்டுவதற்கு ஒரு என்சைம், எடுப்பதற்கு ஒன்று. செல் இரண்டாகப் பிரியும்போது பழைய நோட்டைப் பார்த்துப் புது நோட்டில் எழுதும் பிள்ளை அடிக்கோட்டையும் விடாமல் போடுவதுபோல அடையாளங்களைப் பிரதி எடுக்கிற என்சைம் டிஎன்எம்டி1. அடிக்கோட்டை அழிக்கும் வேலையைத் தொடங்கி வைப்பது டெட் குடும்பத்து என்சைம்கள். இவை மெத்திலை ஆக்சிஜனேற்றி வேறு பொருளாக மாற்றுகின்றன என்பதை 2009-இல்தான் அஞ்சனா ராவின் ஆய்வகம் காட்டியது. அதே வருடம் ரத்தப் புற்று நோயாளிகளிடம் டெட்2 ஜீன் பழுதாகிக் கிடப்பதையும் கண்டுபிடித்தார்கள். சிஎம்எம்எல்லில் பாதிக்கும் மேற்பட்டவர்களுக்கு, ஏறக்குறைய 60 சதவீதம் பேருக்கு, இந்தப் பழுது உண்டு. அதாவது அழிரப்பர் தேய்ந்துபோய், தேவையில்லாத அடிக்கோடெல்லாம் அப்படியே தங்கிவிடுகிறது. முதிர வேண்டிய ரத்தச் செல்கள் முழுசாக முதிராமல் மோனோசைட் பக்கமே சாய்ந்துகொண்டு போகின்றன.

சரி, இப்போது பட்டியலுக்கு வாருங்கள். டெட்2 என்று கண்டால் பதற வேண்டாம், சிஎம்எம்எல் ரிப்போர்ட்டில் அது கிட்டத்தட்ட எதிர்பார்க்கும் விருந்தாளி. நோயே இல்லாத முதியவர்களின் ரத்தத்திலும் சிறிய அளவில் இருக்கும். 70 வயதைத் தாண்டியவர்களில் பத்தில் ஒருவருக்காவது இதுபோன்ற ஏதோ ஒரு ஜீன் மாற்றம் ரத்தத்தில் இருக்கலாம் என்று 2014-இல் வந்த பெரிய ஆய்வுகள் காட்டின. ஆகவே டெட்2 இருக்கிறது என்பதாலேயே யாருக்கும் கேன்சர் முத்திரை குத்த முடியாது. கவலையோடு கேட்க வேண்டிய பெயர் ஏஎஸ்எக்ஸ்எல்1. இது என்சைம் இல்லை, என்சைம்களைப் பிடித்துச் சரியான இடத்தில் நிறுத்தும் கூட்டாளி. இது முறிந்துபோனால் டிஎன்ஏ சுற்றியிருக்கும் ஹிஸ்டோன் உருளைகளின் மேல் அடையாளம் போடுவதும் எடுப்பதும் தாறுமாறாகிவிடுகிறது. நோய் வேகமாகப் போகக்கூடும் என்பதற்கான கணக்கில் ஏஎஸ்எக்ஸ்எல்1, ரன்எக்ஸ்1, என்ஆர்ஏஎஸ், செட்பிபி1 ஆகிய நான்கையும் சேர்க்கிறார்கள். டெட்2 பழுதாகி, ஏஎஸ்எக்ஸ்எல்1 நன்றாக இருந்தால் அசாசிட்டிடின் ஊசிக்கு நல்ல பலன் வர வாய்ப்பு கூடுதல். எங்கள் டாக்டர் பக்கத்தைப் புரட்டியதும் இந்த இரண்டையும்தான் பேனாவால் வட்டமிட்டார்.

ஒவ்வொரு ஜீனுக்கும் பக்கத்தில் விஏஎஃப் என்று ஒரு சதவீதம் இருக்கும். பழுதான எழுத்து எத்தனை சதவீதம் பிரதிகளில் தென்பட்டது என்பதுதான் அது. ஒரு செல்லில் ஒவ்வொரு ஜீனும் இரண்டு பிரதி, அதில் ஒன்று மட்டும் கெட்டிருந்தால் 45 சதவீதம் என்பது 90 சதவீத செல்கள் கெட்டிருக்கின்றன என்று அர்த்தம். "பாதிக்கும் கம்மிதானே" என்று நான் பெரியம்மாவிடம் சொல்லிவிட்டு அப்புறம் அசடு வழிந்தேன்.

மருந்துக்கு வருவோம். அசாசிட்டிடினை 1964-இல் பிராகில் தயாரித்தார்கள், அப்போது அதைச் சாதாரண கீமோ மருந்தாகத்தான் பார்த்தார்கள். எலிக் கருவிலிருந்து எடுத்த செல்களில் இதைக் கொஞ்சமாகப் போட்டால் அவை தசைச் செல்லாக மாறிவிடுவதை ஆய்வாளர் பீட்டர் ஜோன்ஸ் பார்த்தார். 1980-இல் ஷிர்லி டெய்லரோடு சேர்ந்து, மெத்தில் அடையாளம் குறைந்ததுதான் காரணம் என்று காட்டினார். மருந்து டிஎன்ஏவுக்குள் ஒரு எழுத்துபோல வேஷம் போட்டு நுழைந்து, பிரதி எடுக்க வரும் டிஎன்எம்டி1-ஐப் பசைபோலப் பிடித்துக்கொள்கிறது. மாட்டிய என்சைமைச் செல் சிதைத்துவிடும், அடுத்தடுத்த பிரிவுகளில் அடிக்கோடுகள் நீர்த்துப்போகும். அழிரப்பர் தேய்ந்துவிட்டது, அதனால் அடிக்கோடு போடுபவனைக் கட்டிப்போடுகிறோம். யோசனை அவ்வளவுதான். அமெரிக்காவில் 2004-இல் அனுமதி கிடைத்தது, இப்போது இந்தியாவில் பல கம்பெனிகளின் ஜெனரிக் வருகிறது, விலையில் வித்தியாசம் இருப்பதால் இரண்டு மூன்று இடத்தில் விசாரியுங்கள்.

செல் பிரியும்போது மட்டும்தான் இது உள்ளே நுழைய முடியும் என்பதைக் கவனியுங்கள். பொறுமை தேவைப்படுவது அதனால்தான். 28 நாளுக்கு ஒரு சைக்கிள், அதில் 7 நாள் ஊசி. சனி, ஞாயிறு டே கேர் மூடியிருந்தால் 5 நாள் போட்டு, 2 நாள் விட்டு, மீண்டும் 2 நாள் போடும் வழக்கமும் உண்டு. முதல் இரண்டு சைக்கிளில் ரத்த அணுக்களின் கவுன்ட் ஏறாது, இறங்கும். பிளேட்லெட் சரியும், ரத்தம் ஏற்ற வேண்டிவரும். நோயாளி முன்பைவிடச் சோர்ந்துபோவார். "ஊசி ஒத்துக்கலை, நிறுத்திடலாம்" என்று சொந்தக்காரர் ஒருவர் கட்டாயம் கிளம்புவார், எங்கள் வீட்டில் இரண்டு பேர். நோய் வெளிப்படையாக முற்றவில்லை, பக்கவிளைவு தாங்க முடியாமல் போகவில்லை என்றால் 4 முதல் 6 சைக்கிள் முடியும்வரை பலன் உண்டு இல்லை என்று தீர்ப்பு எழுதவே கூடாது. இந்தக் கட்டுரையில் ஒரு வரிதான் நினைவில் இருக்கும் என்றால் அது இதுவாக இருக்கட்டும்.

ஊசி நாளில் பார்க்க வேண்டியவை சில. அளவு உடல் பரப்பில் ஒரு சதுர மீட்டருக்கு 75 மில்லிகிராம் கணக்கு. உயரமும் எடையும் வைத்துப் பெரியப்பாவுக்கு 1.6 சதுர மீட்டர், ஆக 120 மில்லிகிராம். குப்பி ஒன்றில் 100 மில்லிகிராம் பொடி, அதில் 4 மில்லி தண்ணீர் விட்டுக் கலப்பார்கள், அப்போது இவருக்கு 4.8 மில்லி வரும். 4 மில்லிக்கு மேல் போனால் இரண்டு சிரிஞ்சில் சமமாகப் பிரித்து இரண்டு இடத்தில் போட வேண்டும். கலந்த மருந்து தெளிவாக இருக்காது, கஞ்சித் தண்ணீர்போல மங்கலாக இருக்கும். நின்றால் அடியில் தங்கும். அதனால் போடுவதற்கு முன் சிரிஞ்சை இரண்டு உள்ளங்கைக்கும் நடுவில் வைத்து, அப்பளத்துக்கு மாவு உருட்டுவதுபோல, நன்றாக உருட்ட வேண்டும். சாதாரண சூட்டில் கலந்து வைத்தால் ஒரு மணி நேரத்துக்குள் போட்டாக வேண்டும், தண்ணீர் பட்டதும் இந்த மருந்து சிதையத் தொடங்கிவிடும். நாங்கள் போய்க்கொண்டிருந்த ஓர் இடத்தில் ஒரு நாள் மருந்தைக் கலந்து தட்டில் வைத்துவிட்டு "பில் கட்டிட்டு வாங்க" என்று அனுப்பினார்கள், கவுன்டரில் வரிசை ஒன்றேகால் மணி நேரம். அன்றிலிருந்து பணம் கட்டிய ரசீதைக் காட்டிய பிறகுதான் கலக்கச் சொல்வோம். நர்ஸுகள் கோபித்துக்கொள்ளவில்லை, சொல்லப்போனால் அவர்களுக்கும் அதுதான் வசதி.

வயிறு, தொடை, மேல்கை என்று இடத்தை மாற்றிக்கொண்டே இருங்கள், சிவந்து தடித்த இடத்தில் மறுபடி குத்த விடாதீர்கள். வாந்தி மருந்தால் மலச்சிக்கல் வரும், அதற்கு முதல் நாளே மருந்து கேட்டு வாங்கிவிடுங்கள். ஊசிக்காகத் தினமும் ஆஸ்பத்திரிக்கு அலைகிறவர்கள், டெசிட்டபின் (அசாசிட்டிடினைப் போலவே வேலை செய்யும் மருந்து), செடாசுரிடின் இரண்டும் சேர்ந்த மாத்திரையைப் பற்றியும் கேட்கலாம். அமெரிக்காவில் 2020-இல் சிஎம்எம்எல்லுக்கும் சேர்த்தே அனுமதித்தார்கள். குடலிலும் கல்லீரலிலும் மருந்தைச் சிதைக்கும் இன்னொரு என்சைமைச் செடாசுரிடின் தடுத்து நிறுத்துகிறது, அதனால்தான் டெசிட்டபின் வாய்வழி வேலை செய்கிறது. அசாசிட்டிடினிலும் மாத்திரை உண்டு, ஆனால் அது ஊசிக்குப் பதில் அல்ல, வேறு நோய் நிலைக்கு வேறு அளவில் கொடுப்பது. மெடிக்கல் ஷாப்பில் குழப்பிக்கொள்ளாதீர்கள்.

ஆறாவது சைக்கிளுக்குப் பிறகு எங்களைக் குழப்பிய ஒன்று. ஹீமோகுளோபின் ஏறியது, ரத்தம் ஏற்றுவது நின்றது, பெரியப்பா மாடிப்படி ஏறினார். ஆனால் மறுபடி எடுத்த என்ஜிஎஸ்ஸில் டெட்2 அதே 40 சொச்சம். "அப்போ மருந்து வேலையே செய்யலையா?" செய்கிறது. இந்த மருந்து பழுதான செல்லைக் கொன்று ஒழிப்பதைவிட, அதன் அடையாளங்களை மாற்றி ஓரளவு ஒழுங்காக நடக்க வைக்கிறது என்று 2016-இல் சிஎம்எம்எல் நோயாளிகளிடமே காட்டியிருக்கிறார்கள். ஜீன் எண் அப்படியே இருக்க, மனிதர் தேறுகிறார். அதனால்தான் நன்றாக இருக்கும்போதும் ஊசியை நிறுத்தக் கூடாது. பலன் ஒரு கட்டத்தில் தேய்ந்துபோகும் என்பதற்கும் காரணம் அதுவே. வேரோடு எடுக்கும் வழி இன்னொருவரின் ஸ்டெம் செல்லை ஏற்றும் மாற்று சிகிச்சை ஒன்றுதான், வயதும் உடல்நிலையும் இடம் கொடுத்தால் அந்தப் பேச்சை முதல் மாதமே எடுங்கள், பலன் தேய்ந்தபிறகு எடுத்தால் தாமதம்.

அந்த 13,000. பெருகும் வகைக்கு ஹைட்ராக்சியூரியா என்ற பழைய, மலிவான கேப்சூல் உண்டு. முற்றிய பெருகும் வகையில் டெசிட்டபினை இதோடு நேருக்கு நேர் ஒப்பிட்ட ஐரோப்பிய ஆய்வில் ஆயுளில் டெசிட்டபின் மேலோங்கவில்லை. ஆகவே டாக்டர் கேப்சூலோடு தொடங்கினால் அவர் அலட்சியம் செய்கிறார் என்று நினைக்க வேண்டாம்.

வைட்டமின் சி பற்றி யாராவது கட்டாயம் சொல்வார்கள். டெட் என்சைமுக்கு இரும்பும் வைட்டமின் சியும் தேவை என்பது உண்மை, 2017-இல் எலிகளில் நல்ல முடிவு வந்ததும் உண்மை. அதற்காக கிராம் கணக்கில் மாத்திரையோ டிரிப்போ போட்டுக்கொள்ளாதீர்கள். ஜி6பிடி என்ற என்சைம் குறைபாடு உள்ளவர்களுக்கு சிவப்பணு உடைந்துபோகும், சிறுநீரகத்தில் கல்லும் வரலாம். சாப்பாட்டோடு ஒரு நெல்லிக்காய் என்றால் எங்கள் டாக்டர் சிரித்துக்கொண்டே தலையாட்டினார்.

கடைசியாக, ஒரு நாற்பது பக்க நோட்டு வாங்குங்கள். சைக்கிள் எண், தேதி, வெள்ளை அணு, மோனோசைட், ஹீமோகுளோபின், பிளேட்லெட், எத்தனை யூனிட் ரத்தம், எந்தப் பக்கம் ஊசி. அட்டையில் பெரிதாக 100.4 என்று எழுதுங்கள். தெர்மாமீட்டரில் ஃபாரன்ஹீட்டில் அது தெரிந்தால் கஷாயம், பாராசிட்டமால், விடியட்டும் பார்க்கலாம் என்று எதுவும் கிடையாது, இரவு இரண்டு மணியானாலும் வண்டியை எடுங்கள்.