எக்ஸாஸ்ட் ஃபேன் வழியாகக் காற்று உள்ளே வருகிறதா? அவசரப்பட்டு அடைத்துவிடாதீர்கள்

குளியலறை எக்ஸாஸ்ட் ஃபேன் ஓடாத நேரத்தில் அதன் வழியாகச் சில்லென்று காற்று இறங்கினால், நம்மில் பலர் முதலில் செய்வது ஒரு பாலிதீன் தாளை வெட்டி அதன் வாயில் டேப் போட்டு ஒட்டிவிடுவதுதான். நானும் ஒட்டியிருக்கிறேன். காற்று நின்றது உண்மை, ஆனால் சில வாரத்தில் சுவரும் கூரையும் சேரும் மூலையில் கறுப்பாகப் பூஞ்சை படர்ந்தது. குளித்த ஈரம் வெளியேற இருந்த ஒரே வழியை அடைத்துவிட்டு வேறென்ன எதிர்பார்ப்பது? ஒட்டியதை மறந்து யாராவது சுவிட்சைப் போட்டால் மோட்டாருக்கும் கேடு.

இதில் விளையாடவே கூடாத இடம் ஒன்று உண்டு. கேஸ் கீசர் மாதிரி அறைக்காற்றை எடுத்து எரியும் கருவி இருக்கும் அறையில் எந்தத் திறப்பையும் அடைக்காதீர்கள். காற்று போதாமல் எரியும்போது உண்டாகும் விஷவாயுவான கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, வாடையும் இல்லை.

அடுத்த தவறு, காற்று எந்த வழியாக வருகிறது என்று பார்க்காமலே கடைக்கு ஓடுவது. ஒரு டிஷ்யூ தாளைக் கீற்றாகக் கிழித்து ஃபேனின் நடுவில் காட்டுங்கள், அப்புறம் ஃபேன் சட்டமும் சுவரும் சேரும் ஓரத்தைச் சுற்றிக் காட்டுங்கள். ஓரத்தில் தாள் ஆடினால் ஓட்டையைப் பெரிதாக வெட்டி இடைவெளியை அப்படியே விட்டிருக்கிறார்கள் என்று அர்த்தம். அதற்கு எந்த ஷட்டரும் உதவாது, சீலன்ட் வைத்து அடைத்தால் போதும். ஸ்ப்ரே ஃபோம் அடிக்கிறவர்கள் கொஞ்சம் கொஞ்சமாக அடியுங்கள், அது உப்பி ஃபேன் காற்று வெளியேறும் மெல்லிய பிளாஸ்டிக் குழாயை நெரித்து, உள்ளே காற்றைத் தடுக்கும் மடல் இருந்தால் அதைச் சிக்க வைத்துவிடும்.

சமையலறை சிம்னியைப் போடும்போது மட்டும் குளியலறையில் காற்று வருகிறதா? அப்படியானால் குற்றம் வெளிக்காற்றின் மேல் இல்லை. ஜன்னல் எல்லாம் சாத்திய வீட்டிலிருந்து சிம்னி காற்றை வெளியே தள்ளுகிறது, அந்த இடத்தை நிரப்ப எந்த ஓட்டை சுலபமோ அதன் வழியாகக் காற்று நுழைகிறது. சிம்னி ஓடும்போது ஒரு ஜன்னலைக் கொஞ்சம் திறந்து வைத்தால் பெரும்பாலும் தீர்ந்துவிடும்.

சரி, காற்று ஃபேனின் நடுவிலிருந்துதான் வருகிறது என்றால் வெளிச்சுவர் ஷட்டரைப் பாருங்கள், முதலில் மின்சாரத்தை நிறுத்திவிட்டு. ஃபேன் தள்ளினால் திறந்து, நின்றால் தன் எடையிலேயே விழுந்து மூடவேண்டிய இலேசான பட்டைகள் அவை. எண்ணெய்ப் பிசுக்கு, பெயின்ட், கோணல் சுவரில் திருகை இறுக்கி முறுக்கிய சட்டம், இதில் ஏதோ ஒன்று அவற்றைப் பாதியில் நிறுத்தியிருக்கும். துடைத்துச் சரிசெய்தாலே போதுமானதற்குப் புது ஃபேனே வாங்கியவர்கள் உண்டு. காற்றில் பட்டை படபடவென்று அடிக்கிறதே என்று எடை ஒட்டுவதும் வேண்டாம், சிறிய ஃபேனால் அதைத் தூக்க முடியாது. வெளிச்சுவரில் பட்டைகளுக்குப் பதில் கீழ்நோக்கித் திறந்த மூடியை மாட்டி, குழாய்க்குள் ஒரு ஸ்பிரிங் டாம்பர் (ஃபேன் தள்ளினால் திறந்து, நின்றால் ஸ்பிரிங்கால் மூடிக்கொள்ளும் இரண்டு அரைவட்டத் தகடுகள்) போடுவது நல்லது.

அந்த டாம்பரிலும் தவறு நடக்கும். குழாயின் விட்டத்தை அளந்து, 100, 125, 150 மி.மீ. என்று எது பொருந்துமோ அதை வாங்குங்கள். மேலே இருக்கும் அம்புக்குறி வெளிப்பக்கம் பார்க்க வேண்டும், திருப்பி மாட்டினால் ஃபேன் சாத்திய கதவோடு மல்லுக்கட்டும். கிடையாக ஓடும் குழாயில் அரைவட்டத் தகடுகள் இரண்டையும் தாங்கும் ஊசி செங்குத்தாக நிற்க வேண்டும், இல்லையென்றால் ஒரு தகடு கனத்தில் தொங்கி இடைவெளி விடும். நீளமான திருகை உள்ளே இறக்காதீர்கள், தகடு அதில் முட்டி நிற்கும். எதற்கும் இருக்கட்டும் என்று இரண்டு மூன்று டாம்பர் மாட்டுவதும் வீண்வேலை, ஒவ்வொன்றும் ஃபேனின் வேகத்தைத் தின்னும்.

சமையலறை ஃபேனில் துணியோ ஸ்பாஞ்சோ செருகவே வேண்டாம். எண்ணெய் ஊறினால் அது தீப்பிடிக்கும் பொருள்.

எல்லாம் முடிந்ததும் கதவைச் சாத்தி, ஃபேனைப் போட்டு, அதே டிஷ்யூவைக் காட்டுங்கள். வலையோடு ஒட்டி நிற்க வேண்டும். கதவைத் திறந்தால்தான் ஒட்டுகிறது என்றால் கதவின் அடியில் 10 மி.மீ. அளவுக்காவது இடைவெளி இருக்கிறதா பாருங்கள், உள்ளே காற்று வராமல் ஃபேன் எதை வெளியே தள்ளும்?