எடைமேடை நின்றால் எந்த எண்ணைப் பார்ப்பது?

மலேசியாவில் சுங்கை சிப்புட் வட்டாரத்துச் செம்பனை எண்ணெய் ஆலை ஒன்றில் எடைமேடைக் கணினியைப் பார்த்துக்கொள்வது என் வேலை. குலையோடு லாரி ஏறும்போது ஒரு எடை, இறக்கிவிட்டுத் திரும்பும்போது இன்னொரு எடை. இரண்டையும் பதிவது லினக்ஸில் ஓடும் ஒரே நிரல். அது நின்றால் வரிசை ரோடு வரைக்கும் போய்விடும். வெட்டிய பழம் காத்துக் கிடந்தால் எண்ணெயில் அமிலம் ஏறும். சிறு தோட்டக்காரர்களுக்குக் காசு வருவதே அந்த எடைச் சீட்டை வைத்துத்தான்.

எங்கள் நிரல் நாலைந்து நாளுக்கு ஒருமுறை நின்றுபோய்க்கொண்டிருந்தது. அதைத் தேடிய வழியைச் சொல்கிறேன். கட்டளைகளைத் தமிழ் ஒலிப்பில் எழுதுகிறேன். தட்டும்போது ஆங்கிலச் சிறிய எழுத்து.

முதலில் புரோசஸ் எண் வேண்டும், அதாவது ஓடிக்கொண்டிருக்கும் நிரலுக்கு லினக்ஸ் கொடுக்கும் எண். 'பிக்ரெப்' என்று தட்டி நிரலின் பெயரைக் கொடுத்தால் வரும். 2417 என்று வைத்துக்கொள்வோம். நிரலை மறுபடி தொடங்கினால் எண் மாறிவிடும், பழைய எண்ணையே பார்த்துக்கொண்டிருக்காதீர்கள்.

'டாப் -பி 2417' அந்த ஒன்றை மட்டும் காட்டும். இங்கே நான் ஒரு வாரம் ஏமாந்தேன். 'பிஎஸ்' காட்டும் சிபியு சதவீதம், நிரல் தொடங்கியதிலிருந்து இதுவரைக்குமான சராசரி. மூன்று நாளாக ஓடும் நிரல் இப்போதுதான் திணறுகிறது என்றால் அதில் தெரியவே தெரியாது. டாப் காட்டுவது கடைசிச் சில விநாடிகளின் கணக்கு. திணறலைப் பார்க்க டாப்தான். சதவீதம் நூறைத் தாண்டினால் பயப்பட வேண்டாம், நிரல் சிபியுவின் ஒன்றுக்கு மேற்பட்ட கோர்களில் (கணக்குப் போடும் பகுதிகளில்) ஓடுகிறது.

நேரப்போக்கில் பார்க்க 'பிட்ஸ்டாட் -ஆர் -டி -யு -பி 2417 5'. ஐந்து விநாடிக்கு ஒருமுறை நினைவகம், வட்டு, சிபியு மூன்றையும் வரிசையாக எழுதும். இதற்கு சிஸ்ஸ்டாட் தொகுப்பை நிறுவியிருக்க வேண்டும்.

எங்கள் நிரலில் இவை எல்லாமே நன்றாக இருந்தன. பழுது, திறந்த கோப்புகளில். ஓடும் நிரல்களின் விவரத்தை லினக்ஸ் காட்டும் ப்ராக் அடைவுக்குள் (ஃபோல்டருக்குள்) 2417 என்ற அடைவு, அதற்குள் எஃப்டி என்ற அடைவு. 'எல்எஸ்' போட்டு 'டபிள்யூசி -எல்' வழியாக எண்ணினால், திறந்து வைத்திருக்கும் கோப்புகளின் தொகை வரும். ஒவ்வொரு எடைக்கும் அது ஒன்று கூடியது! 'எல்எஸ்ஓஎஃப் -பி 2417' எல்லாம் எடைமானியைக் கணினியோடு இணைக்கும் சீரியல் போர்ட் என்று காட்டியது, லினக்ஸில் அதுவும் ஒரு கோப்பாகத்தான் திறக்கும். நிரல் திறந்தது, மூடவில்லை. பக்கத்திலேயே உள்ள 'லிமிட்ஸ்' கோப்பில் திறந்த கோப்புகளுக்கு உச்சவரம்பு 1024. ஒரு நாளைக்கு நூறு லாரிக்கு மேல், லாரிக்கு இரண்டு எடை. ஐந்தாம் நாள் நிரல் நின்றதற்குக் கணக்கு சரியாக இருந்தது.

அடுத்தவர் பெயரில் ஓடும் புரோசஸ் என்றால் நிர்வாகி உரிமை தரும் 'சூடோ' வேண்டும். 'எஸ்ட்ரேஸ் -பி' லினக்ஸின் மையப் பகுதியான கெர்னலோடு நிரல் நடத்தும் பேச்சைக் காட்டும், ஆனால் நிரலை மெதுவாக்கும். மேடையில் லாரி நிற்கும்போது போடாதீர்கள்.

நிரலைத் திருத்திய பிறகு திறந்த கோப்புகளின் தொகை 14-ஐத் தாண்டவில்லை. முதல் லாரி வருமுன் ஒருமுறை, கடைசி லாரி போனபின் ஒருமுறை எண்ணி, சீட்டுக்கட்டின் பின்னட்டையில் பென்சிலால் எழுதி வைக்கிறேன்.