காதல் நாவல் எழுதுவோர் தம் வாசிப்பை ஒழுங்குபடுத்திக்கொள்வது எப்படி?

காதல் நாவல் எழுதுகிறவர் வீட்டில் படிக்காத புத்தகங்கள் சேர்வதற்கு வழிகள் பல. சென்னைப் புத்தகக் காட்சியிலிருந்து பைகள் நிறைய வரும். சக எழுத்தாளர்கள் கையெழுத்திட்டுக் கொடுத்த பிரதிகள் வரும். பழைய புத்தகக் கடையில் கட்டாகக் கிடைத்த மாத நாவல்கள் வரும். கிண்டிலில் இறக்கி வைத்தவையோ கண்ணில் படாமலே பெருகிக்கொண்டிருக்கும். இவற்றை வாங்கிய வரிசைப்படி படித்துத் தீர்த்துவிடலாம் என்று தொடங்கினால், அது பெரும்பாலும் சில நாட்களிலேயே நின்றுபோகும். எழுதுகிறவருடைய வாசிப்பு, அவர் கையிலிருக்கும் கதை அப்போது எந்தக் கட்டத்தில் இருக்கிறது என்பதைப் பொறுத்தே அமைய வேண்டும். புத்தகங்களையும் அந்த அடிப்படையில்தான் பிரித்து வைக்க வேண்டும்.

முதல் வேலையாக, எல்லாப் புத்தகங்களையும் அலமாரியிலிருந்து கீழே இறக்கி, ஒவ்வொன்றாகக் கையிலெடுத்து, இதைக் கதை எழுதும் நாட்களில் படிக்கலாமா, எழுதி முடித்த பிறகு படிக்க வேண்டுமா என்ற ஒரே கேள்வியைக் கேட்டுப் பாருங்கள். ஆசிரியர் பெயர், பதிப்பகம், அட்டையின் அளவு எதையும் இப்போது பார்க்க வேண்டாம். இன்றைய காதல் நாவல்களும் குடும்ப நாவல்களும் அநேகமாக எல்லாமே ‘பிறகு’ என்ற பக்கத்துக்குப் போய்விடும். இரவு படித்த நாவலில் நாயகன் கோபம் வரும்போதெல்லாம் சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொள்பவனாக இருந்தால், மறுநாள் காலை நாம் எழுதும் அத்தியாயத்தில் நம் நாயகனும் நம்மை அறியாமலே அதைச் செய்வான். தொடர்கதையாக எழுதி அன்றன்றைக்கே அத்தியாயத்தை வெளியிடுகிறவர்களுக்கு இதைத் திரும்பப் பார்த்துத் திருத்தும் அவகாசமும் கிடைப்பதில்லை. ஆகவே, எழுதும் மாதங்களில் தம் வகைக் கதைகளிலிருந்து விலகியிருப்பதே நல்லது.

அந்த மாதங்களில் வேறு எதைப் படிக்கலாம்? தன்வரலாறுகள், பயண நூல்கள், கடிதத் தொகுப்புகள், நம் கதாபாத்திரம் செய்யும் தொழிலைப் பற்றிய நூல்கள் ஆகியவை ஏற்றவை. நாயகி நெசவாளர் குடும்பத்துப் பெண் என்றால், தறியைப் பற்றி ஒரு நல்ல நூலைப் படித்தவர் எழுதும் காட்சியில் அவள் கைகள் செய்யும் வேலை கண்முன் நிற்கும். இவற்றுக்கெல்லாம் மேலாக நான் பரிந்துரைப்பது சங்க அகப்பாடல்களை, குறிப்பாகக் குறுந்தொகையை. பெரும்பாலும் நான்கு முதல் எட்டு அடிகளுக்குள் அடங்கும் 401 பாடல்கள் கொண்ட இந்தத் தொகுப்பில், எழுத உட்காருவதற்கு முன் ஒரு பாடலை உரையோடு படிப்பதற்குக் காலைக் காபி குடிக்கும் நேரமே போதும். தலைவி, தோழி, தலைவன், செவிலி போன்றோரில் யாரோ ஒருவர் பேசும் பேச்சாகவே பாடல் முழுதும் அமைந்திருக்கும், காதலர்களின் பெயர் சொல்லப்படுவதில்லை, முன்கதை விவரிக்கப்படுவதில்லை, ஆனாலும் யார், யாரிடம், எந்த மனநிலையில் பேசுகிறார் என்பது நமக்கு விளங்கிவிடுகிறது. அந்தக் கலையைத்தான் நம் உரையாடல்களுக்கு நாம் கற்க வேண்டும்.

எடுத்துக்காட்டாக, செம்புலப்பெயல்நீரார் பாடிய நாற்பதாம் பாடலைப் பார்க்கலாம். தன்னை விட்டுப் பிரிந்துவிடுவானோ என்று அஞ்சும் தலைவியிடம் தலைவன் பேசும் இடம் அது. மொத்தம் ஐந்தே அடிகள். முதல் மூன்று அடிகளில் அவன் காதல் என்ற பேச்சையே எடுப்பதில்லை. நம் தாய்மார் ஒருவருக்கொருவர் யார், தந்தையர் எந்த வகையில் உறவினர், நாம் எப்படி ஒருவரையொருவர் அறிந்தோம் என்று கேட்டுக்கொண்டே போகிறான். செம்மண்ணில் விழுந்த மழைநீர் நான்காம் அடியில் வருகிறது. நெஞ்சங்கள் கலந்ததைக் கடைசி அடியில்தான் சொல்கிறான். ‘உன்னைப் பிரிய மாட்டேன்’ என்று அவன் ஓரிடத்திலும் சொல்லவில்லை, ஆனால் அவள் கேட்க விரும்பியது அதுதான் என்பதும், அது அவளுக்குக் கிடைத்துவிட்டது என்பதும் நமக்குத் தெரிகிறது. நாயகன் நாயகியிடம் மனம் திறக்கும் அத்தியாயத்தை இரண்டு பக்கம் வசனமாக எழுதி வைத்திருப்பவர்கள், இந்த ஐந்து அடிகளைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு தம் அத்தியாயத்தை மீண்டும் ஒருமுறை படித்துப் பார்க்க வேண்டும்.

நாவலை எழுதி முடித்ததும், ஒதுக்கி வைத்த பக்கத்துக்குத் திரும்பலாம். திரும்பியே ஆக வேண்டும் என்றும் சொல்வேன். தம் வகைக் கதைகளைப் படிக்காமல் எழுதிக்கொண்டே போகிறவர், வாசகர் பலமுறை படித்துச் சலித்த திருப்பத்தையே புதியது என்று நம்பி எழுதிவிடுவார். நமக்கு முன்னோடிகளுக்கும் குறைவில்லை. 1925 முதல் ஜகன்மோகினி இதழை நடத்தியபடியே நூற்றுக்கும் மேற்பட்ட நாவல்களை எழுதிய வை.மு. கோதைநாயகி, மருத்துவராகப் பணியாற்றிக்கொண்டே எழுதி 1984-இல் சாகித்திய அகாதெமி விருது பெற்ற லக்ஷ்மி, தலைமுறை தாண்டி வாசகியரைப் பெற்ற ரமணிசந்திரன் என்று இவர்களை வரிசையாகப் படித்தாலே, தமிழ்க் குடும்பத்துக்குள் காதலுக்கு எதிராக நிற்கும் தடைகள் காலந்தோறும் எப்படி மாறி வந்திருக்கின்றன என்பது தெளிவாகும்.

இந்த நாவல்களை இரண்டு முறை படியுங்கள். முதல் முறை வாசகராக மட்டும், இன்பத்துக்காகப் படியுங்கள். அந்த இன்பத்தைத் தொலைத்தவரால் காதல் கதை எழுத இயலாது. இரண்டாம் முறை பென்சிலோடு உட்கார்ந்து, இருவரும் முதலில் சந்திக்கும் பக்கம், மனக்கசப்பு தொடங்கும் பக்கம், உண்மை வெளிப்படும் பக்கம் ஆகியவற்றை ஓரத்தில் குறித்துக்கொள்ளுங்கள். இருவருக்கும் நடுவே நிற்கும் தடை ஒரே ஒரு தொலைபேசி அழைப்பில் தீர்ந்துவிடக்கூடியதா என்றும் கேளுங்கள். தீராது என்றால், ஆசிரியர் அதை எப்படித் தீராததாக ஆக்கினார் என்பதை இரண்டு வரியில் எழுதி வையுங்கள்.

வாங்குவதற்கு வருவோம். புத்தகம் வாங்குவதை நிறுத்து என்று எழுத்தாளரிடம் சொல்வதில் பயனில்லை, அது சரியும் இல்லை. தமிழில் ஒரு நாவலின் பதிப்பு தீர்ந்துபோனால் மறுபதிப்பு எப்போது வரும் என்று சொல்ல முடியாது; ஆகவே நாளை கிடைக்காமல் போகக்கூடிய புத்தகத்தை இன்றே வாங்கி வைப்பது நியாயம். நூலகத்தில் எப்போதும் கிடைப்பதை வாங்க வேண்டியதில்லை. 1896-இல் திறக்கப்பட்ட கன்னிமாரா நூலகம், 1954-ஆம் ஆண்டுச் சட்டப்படி இந்தியாவில் வெளியாகும் நூல்களின் பிரதி வந்து சேர வேண்டிய நூலகங்களுள் ஒன்று என்பதால், சென்னையில் இருப்பவர்கள் ஒரு தலைப்பை வாங்குமுன் அங்கே இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளலாம். கோட்டூர்புரம் அண்ணா நூற்றாண்டு நூலகத்தில் சொந்தப் புத்தகங்களைக் கொண்டுவந்து படிப்பதற்கென்றே ஒரு பிரிவு உண்டு. வீட்டில் படிக்க இடமோ அமைதியோ இல்லாதவர்கள் காத்திருக்கும் புத்தகங்களில் ஒன்றை அங்கே எடுத்துச் செல்லலாம்.

வாங்கிய அன்றே ஒரு துண்டுத் தாளில் தேதியையும், எதற்காக வாங்கினோம் என்பதையும் ஒரு வரியில் எழுதி முதல் பக்கத்தில் செருகி வையுங்கள். ‘தஞ்சாவூர்த் திருமண வீட்டுச் சமையல் விவரத்துக்கு’, ‘முதுமையில் வரும் காதலை எப்படிக் கையாண்டிருக்கிறார் என்று பார்க்க’ என்பது போல அது குறிப்பாக இருக்க வேண்டும். ஓராண்டு கழித்து எடுத்துப் பார்க்கும்போது அந்தக் காரணம் இன்னும் உயிரோடிருந்தால் புத்தகம் இருக்கட்டும். அந்தக் கதையை எழுதும் எண்ணமே போய்விட்டது என்றால் அதைப் படிக்க விரும்பும் வாசகருக்கோ கிளை நூலகத்துக்கோ கொடுத்துவிடுங்கள். சக எழுத்தாளர் அன்போடு தந்த பிரதியை மட்டும் இந்தக் கணக்கில் சேர்க்காதீர்கள். அதை அடுத்த இடைவெளியில் முதலாவதாகப் படித்து, பிடித்த ஓரிடத்தைக் குறிப்பிட்டு அவருக்கு எழுதுங்கள்.

பழைய மாத நாவல்களுக்குத் தனிக் கவனம் தேவை. செய்தித்தாள் போன்ற மலிவான தாளில் அச்சானவை ஆதலால் விரைவில் பழுத்து, ஓரங்கள் நொறுங்கத் தொடங்கும். நடுவிலிருக்கும் கம்பிப் பின் துருவேறி, சுற்றிலும் பழுப்புக் கறையைப் பரப்பி, அந்த இடத்திலேயே தாளை அறுத்துவிடும். வாங்கி வந்ததும் பின்னை மெல்ல நிமிர்த்தி எடுத்துவிட்டு, அதே துளைகள் வழியாகப் பருத்தி நூலைக் கோத்துத் தளர்வாகக் கட்டுங்கள். வெயிலில் காய வைக்காமல் நிழலில் காற்றாட வையுங்கள். ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் சுவரோடு ஒட்டிய அடித்தட்டில் வைத்தால் ஈரத்துக்கு இராமபாணப் பூச்சி வந்து, முதலில் பசையிருக்கும் முதுகுப் பக்கத்தைத்தான் தின்னும்.

மின்னூல்களுக்கும் இதே ஒழுங்கு பொருந்தும். கிண்டில் அன்லிமிடெட் சந்தாவில் ஒரே சமயத்தில் 20 நூல்கள் வரைதான் வைத்திருக்க முடியும் என்பதால் அங்கே அடுக்கு தானாகவே கட்டுக்குள் இருக்கும். விலைக்கு வாங்கியவற்றின் பெயர்களைத்தான் குறிப்பேட்டில் எழுதிக்கொள்ள வேண்டும். பிரதிலிபி போன்ற தளங்களில் வெளியாகிக்கொண்டிருக்கும் தொடர்களை, நீங்களும் ஒரு தொடர் எழுதிக்கொண்டிருக்கும் காலத்தில் அத்தியாயம் அத்தியாயமாகப் பின்தொடராதீர்கள். தலைப்பை மட்டும் குறித்து வைத்து, இரண்டு தொடர்களும் முடிந்த பிறகு ஒரே மூச்சில் படியுங்கள்.