வேலூர் வெயிலில் ஜாக் ரஸல் டெரியர் வளர்க்கும் முறை

ஜாக் ரஸல் டெரியரை வாங்க நினைப்பவர்கள், அது மடியில் உறங்குவதற்கென உருவான இனமன்று என்பதை முதலில் மனத்தில் கொள்ள வேண்டும். 1819-இல் ஆக்ஸ்ஃபோர்டில் படித்துக்கொண்டிருந்த ஜான் ரஸல், பால்காரர் ஒருவரிடமிருந்து ‘டிரம்ப்’ என்ற வெள்ளைப் பெட்டை நாயை வாங்கினார். பின்னர் இங்கிலாந்தின் டெவன் பகுதியில் பாதிரியாராக இருந்தபடியே அவர் பெருக்கிய வேட்டை நாய்களின் வழியில்தான் இந்த இனம் தோன்றியது. வளைக்குள் பதுங்கிய நரியைக் கொல்லாமல், விடாது குரைத்து வெளியே துரத்துவதே இவற்றின் வேலை. நரி என்று எண்ணி மற்ற வேட்டை நாய்கள் பாய்ந்துவிடாதிருக்க வெள்ளை நிறத்தையும், குறுகிய வளைக்குள் புகுவதற்கு இரு கைகளுக்குள் அடங்கும் ஒடுங்கிய மார்பையும் பார்த்துத் தேர்ந்தெடுத்தார்கள். உயரம் 25 முதல் 30 செ.மீ.; எடை ஐந்தாறு கிலோ.

ஆகவே தோண்டுவதையும் குரைப்பதையும் அடித்துத் திருத்த முற்படுவது வீண், கொடுமையும்கூட. தோட்டத்தின் நிழலான மூலையில் ஒரு மணற்குழி அமைத்து, அதில் பந்தையோ பிஸ்கட்டையோ புதைத்துத் தேடவிடுங்கள். மூக்கை மணலில் அழுத்தி, முன்னங்கால்களால் வாரி இறைத்து, கிடைத்ததும் வாலை விறைத்து நிற்கும் அந்த உற்சாகத்தைக் கண்டவர்கள் பூந்தொட்டி உடைந்ததைப் பெரிதாக எண்ணமாட்டார்கள்.

நம் ஊரில் மிகுந்த கவனம் தேவைப்படுவது சுற்றுச்சுவரோரத்து வளைகளில்தான். காட்பாடி, சத்துவாச்சாரி போன்ற பகுதிகளில் மலையடிவாரத்தை ஒட்டிய மனைகளில் பெருச்சாளி வளைக்குள் நல்ல பாம்போ கண்ணாடி விரியனோ இருக்கக்கூடும். இந்த நாயோ அஞ்சிப் பின்வாங்காது, தலையை நுழைத்துவிடும். வளைகளைக் கல்லும் சிமெண்டும் கொண்டு அடைத்துவிடுங்கள்; எலி மருந்தை அறவே வைக்காதீர்கள். வெறிநாய்க்கடித் தடுப்பூசியுடன் எலிக்காய்ச்சலுக்கான தடுப்பூசியையும் கால்நடை மருத்துவரிடம் கேட்டுப் போட வேண்டும். அணிலைக் கண்டால் எந்த அழைப்பும் காதில் விழாது என்பதால், தெருவில் கயிற்றைக் கழற்றவே கூடாது.

கத்திரி வெயில் நாட்களில் பொழுது விடிவதற்குள் ஒரு நடை, இருட்டியபின் ஒரு நடை போதும். புறங்கையைத் தார்ச்சாலையில் வைத்துப் பாருங்கள்; சுட்டால் அதன் பாதமும் வெந்துபோகும். களைத்தாலும் தானாக ஓட்டத்தை நிறுத்தாத நாய் இது. நாக்கு நீண்டு மூச்சு வேகமாக இரைத்தால், உடனே நிழலுக்குக் கொண்டுபோய், உடலை நீரால் நனைத்து, விசிறிவிட்டபடி மருத்துவரிடம் எடுத்துச் செல்லுங்கள்.

குட்டி வாங்கும்போது தாயை நேரில் பாருங்கள். விழிவில்லை இடம்பெயரும் நோய் இந்த இனத்தில் பரம்பரையாக வருவதால், பெற்றோருக்கு அதற்கான மரபணுப் பரிசோதனை செய்யப்பட்டுள்ளதா என்று கேளுங்கள். எட்டு வாரம் நிறையாத குட்டியைத் தாயிடமிருந்து பிரித்துத் தருபவரிடம் வாங்காதீர்கள்.