நடுக்கத்துக்கும் மறதிக்கும் மூலிகை வாங்கும் முன்

அப்பாவுக்குப் பார்க்கின்சன் என்று தெரிந்து ஆறு வருஷம் ஆகிறது. நாங்கள் பெங்களூர் அல்சூரில், சோமேஸ்வரர் கோயிலுக்குப் பக்கத்தில் இருக்கிறோம். நான் 22 வருஷம் மருந்துக் கடையில் பார்மசிஸ்டாக நின்றவள். அப்படியிருந்தும் போன தை மாதம் எங்கள் வீட்டிலேயே தவறு நடந்தது. ஊரிலிருந்து வந்த சித்தப்பா பூனைக்காலி விதைப் பொடி வாங்கி வந்திருந்தார். "தினம் பால்ல ஒரு ஸ்பூன் போட்டுக் குடிங்கண்ணா, நடுக்கம் குறையும்" என்று அன்பாகத்தான் சொன்னார். அப்பா என்னிடம் சொல்லாமல் குடித்து வந்தார். ஐந்தாம் நாள் கழுத்தும் தோளும் தானாக நெளிய ஆரம்பித்தன. அன்று மாலை எழுந்து நின்றதும் தலை சுற்றி, பாத்ரூம் வாசலில் விழுந்துவிட்டார்.

சித்தப்பா சொன்னது பொய் இல்லை. பூனைக்காலி விதையில் எல்-டோபா என்ற பொருள் இருப்பதை 1937-லேயே சென்னையில் தாமோதரன், ராமசாமி என்ற இரண்டு விஞ்ஞானிகள் பிரித்துக் காட்டிவிட்டார்கள். பார்க்கின்சனுக்கு டாக்டர் எழுதும் மாத்திரையில் இருப்பதும் அதே எல்-டோபாதான், லெவோடோபா என்றும் சொல்வார்கள். சிக்கல் அளவில் இருக்கிறது. விதையில் எல்-டோபா பொதுவாக 4 முதல் 6 சதவீதம் இருக்கும். ஐந்து கிராம் பொடி என்றால் 200 முதல் 300 மில்லிகிராம். அப்பாவின் ஒரு மாத்திரையில் இருப்பதே 100 மில்லிகிராம்தான்.

இன்னொன்றும் உண்டு. எல்-டோபா மூளைக்குள் போய், அங்கே குறைந்திருக்கும் டோபமைன் என்ற பொருளாக மாற வேண்டும். பொடியை மட்டும் குடித்தால் அதில் பெரும்பகுதி மூளையை எட்டும் முன்பே உடம்பில் டோபமைனாக மாறிவிடும், குமட்டும். மாத்திரையில் கூடவே இருக்கும் கார்பிடோபா அந்த மாற்றத்தைத் தடுக்கிறது. மாத்திரையும் பொடியும் சேர்ந்தபோது, பொடியில் இருந்த எல்-டோபாவுக்கும் அந்தக் காவல் கிடைத்துவிட்டது. அப்பாவின் மூளைக்கு வேண்டியதைவிடப் பல மடங்கு போயிருக்கிறது. நெளிவும் மயக்கமும் அதனால்தான்.

ஆகவே முதல் வேலை: வீட்டில் இருப்பவர் என்னென்ன சாப்பிடுகிறார் என்று ஒரு தாளில் எழுதுங்கள். மாத்திரை, பொடி, லேகியம், கஷாயம், பக்கத்து வீட்டு அக்கா கொடுத்த எண்ணெய், எல்லாமும். எத்தனை மணிக்கு, எவ்வளவு என்றும் எழுதுங்கள். டாக்டர் திட்டுவாரோ என்று பயந்து மறைக்காதீர்கள். பெங்களூரின் நிம்ஹான்ஸ் மனநல, நரம்பியல் மருத்துவமனை போன்ற இடத்தில், ஆயுர்வேதத்தையும் சேர்த்துப் பார்க்கும் ஒருங்கிணைந்த மருத்துவத்துக்கென்றே தனித் துறை இருக்கிறது. சொன்னால் கேட்கிறார்கள்.

அடுத்தது, செடி எது என்று உறுதி செய்யுங்கள். பெங்களூரில் இது பெரிய குழப்பம். கே.ஆர். மார்க்கெட்டில் பிராமி என்று கேட்டால் சிலர் ஒந்தெலகாவை எடுத்துத் தருவார்கள். அது நம் வல்லாரை: வட்டமாக, சிறுநீரக வடிவில், ஓரம் பல்பல்லாக இருக்கும் இலை. ஞாபக சக்திக்கு என்று கேப்சூலில் வருவது பெரும்பாலும் நீர்ப்பிரமி. அதன் இலை சின்னதாக, நீள்வட்டமாக, சதைப்பற்றோடு இருக்கும். இரண்டும் வேறு வேறு செடி, உள்ளே இருக்கும் பொருளும் வேறு. டப்பாவில் 'பகோபா மொன்னியேரி' என்றோ 'சென்டெல்லா ஏசியாட்டிகா' என்றோ தாவரப் பெயர் இருக்க வேண்டும். இல்லையென்றால் வாங்க வேண்டாம்.

அப்புறம், "ஆராய்ச்சியில் நிரூபிக்கப்பட்டது" என்று யாராவது சொன்னால், யாரிடம் நிரூபித்தார்கள் என்று கேளுங்கள். அமுக்கராவை (அஸ்வகந்தா) எடுத்துக்கொள்வோம். 2012-ல் மானேசரில் உள்ள தேசிய மூளை ஆராய்ச்சி மையத்தின் ஆய்வில், அமுக்கரா வேர்ச் சாறு கொடுத்த எலிகளின் மூளையில், அல்சைமர் என்ற மறதி நோயில் சேரும் படிவுகள் குறைந்தன. கல்லீரலில் ஒரு புரதம் கூடி, அது மூளையிலிருந்து அந்தக் கழிவை வெளியே இழுக்க உதவியது. படித்தபோது எனக்கே உடம்பு சிலிர்த்தது. ஆனால் அது எலி. அல்சைமர் வந்த மனிதர்களுக்குக் குணமாகிறது என்று காட்ட அது போதாது. அமுக்கராவால் தைராய்டு ஹார்மோன் கூடலாம், சிலருக்குக் கல்லீரல் பாதித்ததும் பதிவாகியிருக்கிறது.

மனிதர்களிடம் சோதித்தபோது கைவிட்ட மூலிகைகளும் உண்டு. ஜின்கோ என்ற மரத்தின் இலைச் சாற்றை அமெரிக்காவில் 3,069 முதியவர்களிடம் தினம் இரண்டு வேளை, வேளைக்கு 120 மில்லிகிராம் என்று ஆறு வருஷத்துக்கு மேல் சோதித்தார்கள். 2008-ல் முடிவு வந்தது: டிமென்ஷியா என்ற மறதி நோய் வருவதை அது தடுக்கவில்லை. ரத்தம் உறைவதைத் தடுக்கும் ஆஸ்பிரின், க்ளோபிடோக்ரல், வார்ஃபரின் சாப்பிடுகிறவர்கள் டாக்டரைக் கேட்காமல் ஜின்கோவைத் தொடவே கூடாது, ரத்தக்கசிவு அபாயம் கூடலாம்.

மஞ்சள் பற்றித்தான் என்னிடம் அதிகம் கேட்கிறார்கள். மஞ்சள் தூளில் அதன் முக்கியப் பொருளான குர்குமின் சுமார் 3 சதவீதம்தான். அதுவும் குடலிலிருந்து ரத்தத்துக்குப் போவது மிகக் குறைவு. மிளகில் உள்ள பைப்பரின் சேர்த்தால் அது 2,000 சதவீதம் கூடுகிறது என்று 1998-ல் கண்டுபிடித்தது நம் பெங்களூர் செயின்ட் ஜான்ஸ் மருத்துவக் கல்லூரியில்தான். அவர்கள் கொடுத்தது 2 கிராம் குர்குமின். அதைச் சமையல் மஞ்சளில் பெற 60 கிராமுக்கு மேல் சாப்பிட வேண்டும், நடக்கிற காரியமில்லை. ரத்தத்தில் ஏறியதெல்லாம் மூளைக்குள் போய்விடாது என்பதும் உண்டு. 2012-ல் வெளியான ஒரு சின்ன ஆய்வில் 24 வாரம் குர்குமின் எடுத்த அல்சைமர் நோயாளிகளுக்குப் பலன் தெரியவில்லை. பைப்பரின் வலிப்பு மாத்திரையான ஃபெனிடாயினின் அளவையும் ரத்தத்தில் ஏற்றிவிடும். ரசத்தில் மஞ்சளும் மிளகும் போடுங்கள், அது சாப்பாடு. கேப்சூல் என்றால் டாக்டரிடம் கேளுங்கள்.

இதையெல்லாம் படித்துவிட்டு செடியிலிருந்து எதுவுமே வராது என்று நினைக்காதீர்கள். அல்சைமருக்குத் தரும் கேலன்டமின், ஸ்னோடிராப் என்ற வெள்ளைப் பூச்செடியில் கிடைத்தது. அமெரிக்காவில் 2001-ல் அனுமதி பெற்றது. தோலில் ஒட்டும் ரிவாஸ்டிக்மின், ஆப்பிரிக்கக் காலபார் அவரையில் இருந்த ஒரு பொருளை மாதிரியாக வைத்து உருவாக்கியது. நோயை இவை நிறுத்தாது, கொஞ்ச காலம் ஞாபகத்தைத் தாங்கிப் பிடிக்கும். நான் இவற்றை நம்பிக் கொடுப்பதற்குக் காரணம், ஒவ்வொரு மாத்திரையிலும் தோலில் ஒட்டும் பட்டையிலும் எவ்வளவு இருக்கிறது என்று தெரியும். டோனெபெசில் போன்ற இந்த வகை மருந்து சாப்பிடுகிறவருக்கு நீர்ப்பிரமி கேப்சூலும் கொடுக்க நினைத்தால், முதலில் நாடித் துடிப்பைப் பார்க்கச் சொல்லுங்கள். இரண்டும் சேர்ந்து அதை மந்தமாக்கக்கூடும்.

மறதி இப்போதுதான் ஆரம்பம் என்றால், எந்த மூலிகைக்கும் முன்னால் பி12, தைராய்டு இரண்டுக்கும் ரத்தப் பரிசோதனை செய்துவிடுங்கள். அவற்றின் குறையால் வந்த மறதி சரியாகலாம்.

வாங்கும்போது உரிம எண், பேட்ச் எண், தேதி மூன்றும் பாருங்கள். இணையத்தில் விற்ற 193 ஆயுர்வேத மருந்துகளைச் சோதித்து 2008-ல் வெளியிட்ட அமெரிக்க ஆய்வில், ஐந்தில் ஒன்றில் ஈயமோ பாதரசமோ ஆர்சனிக்கோ இருந்தது. ஈயம் மூளையைக் கெடுக்கும் விஷம். காகிதப் பொட்டலத்தில் வரும் பெயரில்லாத பொடியை நான் இப்போது வீட்டுக்குள் விடுவதில்லை.

டாக்டர் சரி என்றால், ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் தொடங்குங்கள். தொடங்கிய தேதியை நாட்காட்டியில் குறியுங்கள். தூக்கம், நடை, ரத்த அழுத்தம், சாப்பாடு நான்கையும் தினம் ஒரு வரி எழுதுங்கள். மூன்று மாதத்தில் மாற்றம் இல்லையென்றால் டாக்டரிடம் சொல்லி நிறுத்திவிடுங்கள். கை கால் தானாக நெளிந்தாலோ, இல்லாததைப் பார்ப்பதாகச் சொன்னாலோ, எழும்போது தலை சுற்றினாலோ, கண் மஞ்சளானாலோ, காத்திருக்காதீர்கள். பொடியை அன்றே நிறுத்துங்கள். டாக்டர் எழுதிய மாத்திரையை நீங்களாக நிறுத்த வேண்டாம், உடனே அவருக்குப் போன் செய்யுங்கள். போகும்போது அந்தப் பொடி டப்பாவையும் கையோடு எடுத்துப் போங்கள்.