ஜன்னல் இடுக்கை அடைத்தேன், கேடயப் பூச்சிகள் குறைந்தன

குளிர் தொடங்கும் முன்பே வெயில் படும் வெளிச்சுவரில் பழுப்பு நிறக் கேடயப் பூச்சிகள் கூடும். பிறகு ஒவ்வொன்றாக உள்ளே வந்து, திரைச்சீலை மடிப்பிலும் பரண் மூலையிலும் அசையாமல் ஒண்டிக்கொள்ளும். இவை மனிதரைக் கடிப்பதில்லை, வீட்டுக்குள் முட்டையிடுவதும் இல்லை. குளிரைத் தாண்ட ஓர் இடம் வேண்டும், அவ்வளவுதான். அதனால் மருந்து அடிக்க எனக்கு மனம் வரவில்லை. தவிரவும், சுவர் இடுக்கில் செத்துக் கிடக்கும் பூச்சிகளைத் தின்ன வேறு வண்டுகள் வந்து சேரும்.

நசுக்கவே கூடாது. மிரண்டாலே மார்புப் பகுதிச் சுரப்பிகளிலிருந்து நாற்றத் திரவத்தைக் கசியவிடும், கையில் பட்டால் சோப்பு போட்டாலும் எளிதில் போகாது. சீண்டினால் பிடியை விட்டுக் கீழே விழுவது இவற்றின் பழக்கம். ஆகவே அகலவாய் டப்பாவை அடியில் பிடித்து, அட்டையால் மெல்லத் தட்டினேன், பொத்தென்று உள்ளே விழுந்தன. நிறைய இருந்தால் டப்பாவில் சோப்புத் தண்ணீர் போதும், உடனே மூழ்கிவிடும்.

உண்மையான தீர்வு அடைப்பதில்தான் இருக்கிறது. பகலில் அறையை இருட்டாக்கிப் பார்த்தபோது, ஜன்னல் சட்டத்துக்கும் சுவருக்கும் நடுவே நூலிழையாக வெளிச்சம் தெரிந்தது. அங்கே சிலிக்கான் பசை பூசினேன். காற்றுத் துவாரங்களுக்கு நுண்வலை, கதவடிக்கு ரப்பர் பட்டை. இதையெல்லாம் இலையுதிர் காலத்துக்கு முன்பே முடித்துவிடுங்கள். தாமதித்தால் சுவருக்குள் புகுந்தவை வெளியேற வழியின்றி அறைக்குள்தான் வரும்.