கருப்பையில் ஒன்று, குழாயில் ஒன்று

மன்னார்குடியில் நர்ஸா இருக்கேன். ஐ.வி.எஃப். (சோதனைக்குழாய் முறை கருத்தரிப்பு) முடிச்சு வர்றவங்ககிட்ட நான் முதல்ல சொல்றது இதுதான்: ஸ்கேன்ல "கருப்பையில் கரு இருக்கு"ன்னதும் சந்தோஷத்துல எழுந்து வந்துடாதீங்க. ரெண்டு கருக்குழாயையும் பார்த்தாச்சான்னு கேளுங்க. சிலருக்குக் கருப்பையில ஒரு கரு இருக்கும்போதே குழாயிலயும் இன்னொண்ணு தங்கிடும். பீட்டா எச்.சி.ஜி. (ரத்தத்துல பார்க்கிற கர்ப்ப ஹார்மோன்) அளவை வச்சு குழாய்க் கருவைக் கண்டுபிடிக்க முடியாது. கருப்பையில் வளர்ற கருவே அதை ஏத்திடும்.

ஒருபக்க அடிவயிற்று வலி, தோள்பட்டை வலி, மயக்கம் வந்தா வாயுன்னு ஓமத்தண்ணி குடிச்சுட்டுப் படுக்காதீங்க (மாமியார்கள் மன்னிக்கணும்). குழாய் வெடிச்சு உள்ளே ரத்தம் கசியுறதா இருக்கலாம். உடனே 108. அறுவை அரங்கும் ரத்தமும் இருக்கிற ஆஸ்பத்திரிக்கே போங்க. தஞ்சாவூர் ராசா மிராசுதார் மாதிரி. வழியில எதுவும் சாப்பிட வேண்டாம்.

கருப்பையில இருக்கிற பிள்ளை வேணும்னா, குழாய்க் கருவைக் கரைக்கப் போடுற மெத்தோட்ரெக்சேட் ஊசி கூடாது. பெரும்பாலும் லேப்ராஸ்கோபியில (சின்னத் துளை வழியா செய்ற அறுவை) அந்தக் குழாயை எடுப்பாங்க. கருப்பைக் கரு பலருக்கும் நல்லா வளருது. கர்ப்பம் தங்க டாக்டர் கொடுத்த புரொஜெஸ்டிரான் ஹார்மோன் மருந்தை நீங்களா நிறுத்தாதீங்க. உங்க ரத்த வகை நெகட்டிவ்னா (ஓ நெகட்டிவ் மாதிரி), பிள்ளையோட ரத்தத்துக்கு எதிரா உங்க உடம்பு திரும்பாம தடுக்கிற ஆன்டி-டி ஊசி பத்திக் கேளுங்க.